சுரங்கவாய் பெஞ்சு

அந்த ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் பதினான்கு பேர் வேலை பார்த்தார்கள். அவர்களில் கால்பந்துக்காக உயிரை விடுகிறவள் ஒருத்திதான். கோச்சம்மா என்று அவளுக்குப் பட்டம் கட்டியது யாரென்று யாருக்கும் நினைவில்லை. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் பிழைத்துக் கிடந்தது. நாட்டு அணியில் எவனுக்கு எந்த முழங்கால் பழுது, எவன் போன வருஷம் எத்தனை மஞ்சள் அட்டை வாங்கினான் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். சொந்த நாத்தனார் பிள்ளைகளின் பிறந்த நாளைக் கேட்டால் திருதிருவென்று விழிப்பாள்.

அவள் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். சாது. ஆட்டம் இருக்கிற நாளில் அடுப்படிப் பக்கம் மனைவி வரமாட்டாள் என்பதைக் கல்யாணமான இரண்டாவது மாதமே புரிந்துகொண்டு, அன்றைக்குத் தானே சமைத்துவிடுவார். "ஒரு சக்களத்தன்னா சமாளிச்சிருப்பேன். இவளுக்குப் பதினோரு பேரு, வெளிய உக்காந்திருக்கிறவங்க வேற தனி" என்று டிப்போவில் சொல்லிச் சிரிப்பார்.

நான்கு வருஷத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரிக்கு ஒரு புதுப் பொறுப்பு வந்தது. ஊரின் பெரிய மைதானத்தில் வெளிநாட்டு அணிகளோடு ஆட்டம் நடக்கும்போதெல்லாம் முதலுதவி இவர்களுடையது. டாக்டர் போவார், நர்சுகள் போவார்கள், ஸ்ட்ரெச்சர் தூக்குகிறவர்கள் போவார்கள். கூடவே ஒரு தள்ளுவண்டி நிறைய விரிப்பு, போர்வை, துவாலை போகும். துணி போனால் அதை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்கிவரச் சலவைப் பிரிவிலிருந்து ஓர் ஆள் போக வேண்டும். அந்த ஆளுக்கு உட்கார இடம் எங்கே தெரியுமா? ஆட்டக்காரர்கள் உள்ளே ஓடிவரும் சுரங்கப் பாதையின் வாயில் போட்டிருக்கிற பெஞ்சில். பெரிய மனிதர்களெல்லாம் மேலே கண்ணாடிக்குப் பின்னால் எறும்பு ஊர்வதைப் பார்ப்பதுபோல் ஆட்டம் பார்த்துக்கொண்டிருக்க, துவாலை எண்ணுகிறவளுக்குப் புல் பத்தடி தூரத்தில் இருக்கும்.

முதல் தடவை அந்தப் பெஞ்சுக்குப் போனவள் கோச்சம்மாதான். மூத்தவள், போகாமல் வேறு யார் போவது? முந்தின ஒரு வாரம் அவளுக்குத் தரையில் கால் பாவவில்லை. அன்றைக்கு நம் அணி நான்கு கோல் வாங்கித் தோற்றது. நான்கையும் பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டு வந்தாள்.

அடுத்த ஆட்டத்துக்குச் சூப்பர்வைசரே போனார். சமன். அதற்கடுத்த ஆட்டத்தின்போது மூன்று பேர் காய்ச்சலில் விழுந்திருந்தார்கள். வேலைக்குச் சேர்ந்து இருபது நாள்கூட ஆகாத ஒரு பெண்ணை வேறு வழியில்லாமல் அனுப்பினார்கள். பந்துக்குள் காற்று இருக்கிறதா கட்டை இருக்கிறதா என்றுகூடத் தெரியாத பெண். அன்று மூன்று கோல் அடித்து ஜெயித்தார்கள். அன்று சாயங்காலமே அவளுக்கு ராசி என்று பெயர் விழுந்தது. அதன் பிறகு நான்கு ஆட்டத்துக்கு ராசியே போனாள். ஒன்றில்கூடத் தோற்கவில்லை.

ஒருத்திக்கு ராசி என்று ஆனால் இன்னொருத்திக்கு என்ன ஆகும்? அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான். வெளியூரில் நடக்கிற ஆட்டங்களை ஓய்வறையில் இருந்த சின்ன டிவியில் எல்லோரும் பார்ப்பார்கள். முக்கியமான கட்டம் வந்தால் சூப்பர்வைசர் தொண்டையைக் கனைப்பார். "கோச்சம்மா, அந்த மூணாம் நம்பர் மெஷின்ல ஏதோ சத்தம் வருது, ஒரு எட்டு பாத்துட்டு வாங்களேன்" என்பார். மூன்றாம் நம்பர் மெஷினில் ஒரு சத்தமும் வராது. அவளும் போய் அந்த மெஷின் பக்கத்தில் நின்று, உள்ளே கூச்சல் எழுந்தால் கோல், எழாவிட்டால் இல்லை என்று தெரிந்துகொள்வாள். ஆயுசெல்லாம் அந்த அணிக்காகத் தொண்டை கிழியக் கத்தியவள், நான்கு வருஷமாக அது அடித்த நல்ல கோல் ஒன்றையும் அடிக்கிற நேரத்தில் பார்க்கவில்லை.

இதில் கொடுமை என்னவென்றால், விரிப்பு மடிப்பது இரண்டு பேர் சேர்ந்து செய்கிற வேலை. எதிரெதிரே நின்று ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, இழுத்து, உதறி, முன்னால் நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். கோச்சம்மாவுக்குச் சோடி ராசி. ஒரு நாளைக்கு முந்நூறு நானூறு தடவை அந்த முகம் நேரே வந்து, ஒரு சாண் தூரத்தில் நின்று, சிரித்துவிட்டுப் போகும். அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே கோச்சம்மாவுக்கு வயிறு எரியும். பெண் நல்லவள்தான். அதுதான் இன்னும் எரிச்சல்.

அப்படியிருக்கும்போதுதான் அந்த ஆட்டம் வந்தது. உலகக் கோப்பைக்குப் போகிற தகுதிச் சுற்றில் கடைசி ஆட்டம், அதுவும் நம் ஊர் மைதானத்தில். ஜெயித்தால் உலகக் கோப்பை. சமன் செய்தாலும் வீட்டோடு நிற்க வேண்டியதுதான். நம் நாடு அதுவரை உலகக் கோப்பையின் வாசற்படியைக்கூட மிதித்ததில்லை. கோச்சம்மா சூப்பர்வைசரிடம் போய் நின்றாள். அவள் யாரிடமும் போய் நின்று கேட்கிற ரகம் இல்லை.

"சார், இந்த ஒரு தடவை நான் போறேன். இருபத்திமூணு வருஷ சர்வீஸ். வேற எதுவும் கேட்டதில்ல."

சூப்பர்வைசர் தலையைச் சொறிந்தார். "எனக்கு ஒண்ணும் இல்லம்மா. ஆனா நாளைக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா இங்க இருக்கிற பத்துப் பன்னெண்டு பேரும் என்னை உயிரோட விடமாட்டாங்க. உங்களையும்தான்."

"அப்ப அவளா?"

"அவதான். கோவிச்சுக்காதீங்க. உங்களுக்கு அணி மேல பாசம் இல்லையா?"

அணி மேல் பாசம் இருக்கிற காரணத்தாலேயே அணியைப் பார்க்கக் கூடாது என்கிறார்கள். மடிப்பு மேசைக்குத் திரும்பி வந்தாள். ராசி அங்கே கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். "அக்கா, எனக்கு வேண்டாம்னு சார்கிட்டச் சொல்லிட்டேன். அவர் கேக்கவே மாட்டேங்கிறார்" என்றாள். பாசாங்கு என்று கோச்சம்மாவுக்குத் தோன்றியது. கையில் லட்டாக விழுந்ததை யாராவது வேண்டாம் என்பார்களா? வேண்டாம் என்று சொல்லிக் காட்டினால் நான் கொடுத்துவைக்காதவள் என்று இன்னும் நன்றாகத் தெரியுமல்லவா, அதற்குத்தான் என்று நினைத்து விரிப்பை ஓங்கி உதறினாள். அந்தப் பக்க முனை ராசியின் கையிலிருந்து நழுவி விழுந்தது.

இரண்டு நாள் கழித்து ராசியே வாயைக் கொடுத்தாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். இந்தத் தடவை பக்கத்துலயே நம்ம டீம் டாக்டர் எல்லாம் உக்காருவாங்களாம், டிவில காட்டுவாங்களாம். எப்பக் கைதட்டணும்னே எனக்குத் தெரியாது. பக்கத்துல இருக்கிறவங்க தட்டினா நானும் தட்டுவேன், எப்பவும் லேட்டாயிடும். நீங்க சொல்லிக் குடுங்கக்கா."

கோச்சம்மா அவளையே பார்த்தாள். ஐந்து ஆட்டம் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தவள், எப்போது கைதட்டுவது என்று கேட்கிறாள். அடிவயிற்றிலிருந்து என்னவோ கிளம்பி நாக்குக்கு வந்தது. வரும்போதே அது பொய் என்று அவளுக்குத் தெரியும்.

"ஓரத்துல ஒருத்தர் கொடி பிடிச்சுக்கிட்டு ஓடுவாரு, பாத்திருக்கியா?"

"ஆமாக்கா."

"நம்ம ஆளு பந்தைக் கொண்டுபோறப்ப அவரு கொடியைத் தூக்கினா நமக்கு ரொம்ப நல்லதுன்னு அர்த்தம். சும்மா உக்காந்து தட்டக் கூடாது. எந்திரிச்சு நின்னு தட்டணும்."

"கொடி தூக்கினா எந்திரிச்சு நின்னு" என்று ராசி பாடம் படிப்பதுபோல் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். "உங்களுக்கு எவ்வளவு தெரியுதுக்கா!"

கொடி உயர்ந்தால் நம் ஆள் தப்பான இடத்தில் நிற்கிறான், அடிக்கிற கோலும் செல்லாது என்று அர்த்தம். கோச்சம்மாவுக்கு அன்று முழுக்க ஒரு கெட்ட சந்தோஷம். மறுநாள் விடிந்தபோது சந்தோஷம் போய்விட்டது, கெட்டது மட்டும் மிச்சமிருந்தது. சொல்லித் திருத்தியிருக்கலாம். நூறு தடவை அந்த முகம் ஒரு சாண் தூரத்தில் வந்து போயிற்று. திருத்தவில்லை.

ஆட்டத்துக்கு முந்தின நாள் ஒரு புதுத் தகவல் வந்தது. வெளிநாட்டு அணிக்கென்று தனியாக ஒரு சிகிச்சை அறை வேண்டும், அதற்குத் தனித் துணி, அதை எண்ணத் தனி ஆள். ஆக இன்னொரு பாஸ். ராசியைத் தவிர எல்லோரும் சூப்பர்வைசரைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர் அன்று காலையிலேயே அந்த அறையைப் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

"யாரும் அடிச்சுக்காதீங்க. அது எதிர்ப்பக்க ஸ்டாண்டுக்கு அடியில, காங்கிரீட்டுக்கு நடுவுல இருக்கு. ஜன்னல்கூடக் கிடையாது. மைதானத்துல ஒரு புல்லுகூடத் தெரியாது." இரண்டு அடி எடுத்து வைத்தவர்களெல்லாம் பின்வாங்கினார்கள். கோச்சம்மா மட்டும் நின்றாள். சூப்பர்வைசர் பாஸை அவளிடம் நீட்டினார். "சரி, போயிட்டு வாங்க. நீங்க பாக்கலைன்னா ஒண்ணும் ஆகாது" என்றார். மனிதர் அதை ஆறுதலாகத்தான் சொன்னார்.

ஆட்டம் சாயங்காலம் நான்கு மணிக்கு. வாசலிலேயே செல்போன்களை வாங்கி ஒரு பெட்டியில் போட்டுவிட்டார்கள். சுரங்கப் பாதை வரைக்கும் இரண்டு தள்ளுவண்டிகளும் ஒன்றாகப் போயின. ராசி வலது பக்கம் திரும்பினாள். அந்தப் பக்கம் வெளிச்சமும் இரைச்சலும் இருந்தன. கோச்சம்மா இடது பக்கம் திரும்பினாள். இடது பக்கம் ஒரு நீண்ட நடைவழி, கோடியில் ஒரு கதவு, உள்ளே ஓர் இரும்புக் கட்டில், இரண்டு நாற்காலி, ஒரு டியூப் லைட்.

விரிப்பு பன்னிரண்டு, போர்வை எட்டு, துவாலை நாற்பது. எண்ணி அடுக்க ஐந்து நிமிஷம் ஆயிற்று. அதற்குப் பிறகு வேலை இல்லை. தலைக்கு மேலே அறுபதாயிரம் பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் காலை உதைத்தால் டியூப் லைட் நடுங்கியது. வாழ்நாளில் காத்திருந்த ஆட்டம் தலைக்கு மேல் நடக்க, கோச்சம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் மனசு ஆட்டத்தில்கூட இல்லை. அந்தப் பெஞ்சில் இருந்தது. இந்நேரம் அவள் காலை நீட்டி உட்கார்ந்திருப்பாள். இந்நேரம் ஏழாம் நம்பர்க்காரன் அவள் பக்கமாக ஓடியிருப்பான், அவன் மூச்சு வாங்குவதுகூடக் கேட்டிருக்கும், இந்த மடச்சி அவன் யாரென்று தெரியாமல் துவாலையை நீவிக்கொண்டிருப்பாள். இப்படியே நாற்பத்தைந்து நிமிஷம் ஓடியது. நடுவில் ஒரு தடவை மேலே பெருங்கூச்சல் எழுந்து, உடனே அறுந்து, ஊளையாக மாறியது. கோல் அடித்து அது செல்லாமல் போயிருக்கிறது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. கொடி உயர்ந்திருக்கிறது. அந்தக் கணம் அவள் நெஞ்சில் முதலில் வந்தது அணி இல்லை. ராசி எழுந்து நின்றிருப்பாளா என்பதுதான்.

இடைவேளை முடியப்போகிற நேரத்தில் ராசியே மூச்சிரைக்க ஓடி வந்து கதவைத் தள்ளினாள்.

"அக்கா, பூஜ்யம் பூஜ்யம். நம்ம ஆளு ஒண்ணு அடிச்சாரு, அது செல்லாதாம்." முகத்தில் ஈயாடவில்லை. "நான் ஒரு கூத்துப் பண்ணிட்டேன்கா. கொடியைத் தூக்கினாரு, நான் எந்திரிச்சு நின்னு தட்டினேன். டீம் டாக்டர் என்னை எரிச்சுடற மாதிரிப் பாத்தாரு. பின்னாடி இருந்து ஒருத்தர் நீ யாரு அனுப்பின ஆளுன்னு கேட்டாரு. நீங்க ஒழுங்காத்தான் சொல்லிக் குடுத்திருப்பீங்க, எனக்குத்தான் மண்டையில ஏறல."

நான்தான் பொய் சொன்னேன் என்கிற வார்த்தை கோச்சம்மாவின் பல் வரைக்கும் வந்து நின்றது.

"நீங்க போங்கக்கா" என்றாள் ராசி. கழுத்திலிருந்த பாஸைக் கழற்றியே விட்டாள். "இதுல படம் எல்லாம் கிடையாது, சலவைன்னு மட்டும்தான் போட்டிருக்கு. மாத்திக்கிட்டா யாருக்கும் தெரியாது. நான் இங்க இருந்து துணியைப் பாத்துக்கறேன். அங்க உங்களை மாதிரி ஒருத்தர்தான் உக்காரணும். போங்கக்கா, ஆரம்பிச்சுடுவாங்க."

பாஸ் நீலப் பட்டையில் ஆடிக்கொண்டு கோச்சம்மாவின் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. நான்கு வருஷமாக ராத்தூக்கம் கெட்டது எதற்காகவோ அது. கையை நீட்டினால் போதும். கை நீளவில்லை. இவளிடமிருந்தா வாங்குவது? பொய் சொல்லி நாலு பேர் முன்னால் தலைகுனிய வைத்தவளுக்கு, வைத்தது தெரியாமலேயே, தன் இடத்தையும் தூக்கிக் கொடுக்கிறாள். வாங்கிக்கொண்டு போனால் வாழ்நாள் முழுக்க இவள் கொடுத்து நான் பார்த்தேன் என்று ஆகும். நல்லவளாக இருப்பதிலும் இவளே ஜெயிக்க வேண்டுமா?

"எனக்கு நீ ஒண்ணும் பிச்சை போட வேண்டாம்" என்றாள்.

ராசி திகைத்துப் போனாள். "பிச்சையா? என்னக்கா இப்படிப் பேசறீங்க?"

"பின்ன என்ன? நான் போய் உக்காந்து தோத்துப்போச்சுன்னா? எனக்கு உன்னை மாதிரி ராசியா எழுதியிருக்கு? நீயே போய் உக்காரு, போ."

அணி தோற்றுவிடக் கூடாதே என்றுதான் போகவில்லை என்று பிற்பாடு சலவைப் பிரிவில் கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னாள். அவர்கள் உச்சுக்கொட்டி, எப்பேர்ப்பட்ட தியாகம் என்றார்கள். நாம் அப்படி நம்ப வேண்டியதில்லை. அது பொறாமை, வேறொன்றுமில்லை.

மேலே விசில் கேட்டது. ராசி பாஸை மறுபடி கழுத்தில் மாட்டிக்கொண்டு, அழுகிற முகத்தோடு ஓடினாள். ஓடுகிற செருப்புச் சத்தம் நடைவழிக் கோடி வரைக்கும் கேட்டது. இன்னும் கூப்பிட்டிருக்கலாம். கோச்சம்மா கூப்பிடவில்லை.

இரண்டாம் பாதியில் எதிரணிக்காரன் ஒருவனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கணுக்கால் வீங்கிப்போயிருந்தது. அவர்களுடைய டாக்டர் கட்டுப் போட்டுவிட்டு மைதானத்துக்கே ஓடிவிட்டார். இருபது வயசுதான் இருக்கும், வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டு கிடந்தான். கோச்சம்மா தலைக்கு அடியில் ஒரு போர்வையை மடித்து வைத்தாள். பாஷை தெரியாது. இரண்டு கையையும் விரித்து எவ்வளவு என்று கேட்டாள். அவன் இரண்டு கையிலும் விரலை வளைத்துப் பூஜ்யம் காட்டினான். அவன் முழங்காலில் புல் ஒட்டியிருந்தது, பச்சைச் சாறு இறங்கியிருந்தது. கோச்சம்மாவுக்கு அந்த முழங்கால் மேலேகூடப் பொறாமை வந்தது. அந்த அளவுக்குப் போய்விட்டாள்.

ஆட்டம் முடியக் கொஞ்ச நேரமே இருந்தபோது மேலே ஒரே குரலாக ஓர் அலறல். ஆத்திரமாய், கேட்டு வாங்குகிற அலறல். நீளமாக ஒரு விசில். அதன் பிறகு அறுபதாயிரம் பேரும் ஒரேயடியாக வாயை மூடிக்கொண்டார்கள். நான்கு வருஷம் மூன்றாம் நம்பர் மெஷின் பக்கத்தில் நின்று காதாலேயே ஆட்டம் பார்த்தவளுக்கு அது போதும். பெனால்டி, நமக்குத்தான். கட்டிலில் கிடந்தவனுக்கும் புரிந்துவிட்டது, எழுந்து உட்கார்ந்தான். இரண்டு பேரும் கூரையைப் பார்த்தார்கள்.

கூரை இடிந்து விழுவதுபோல் சத்தம் வந்தது. டியூப் லைட் அணைந்து எரிந்தது. அவன் துவாலையால் முகத்தை மூடிக்கொண்டு படுத்துவிட்டான், தோள் குலுங்கியது. கோச்சம்மா நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அழுகிற பிள்ளைக்கு முன்னால் குதிக்க முடியுமா? அவளுடைய நாடு உலகக் கோப்பைக்குப் போயிற்று, அவளால் ஒரு வார்த்தை கத்த முடியவில்லை.

ஆட்டம் முடிந்து அவனை அவர்கள் ஆட்கள் வந்து அழைத்துக்கொண்டு போன பிறகு, கோச்சம்மா துவாலை எண்ணிக்கொண்டிருந்தாள். முப்பத்தொன்றில் நின்றுவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள். ராசி வந்தாள். ஜெயித்தவள் மாதிரியே இல்லை. பத்து நாள் காய்ச்சலில் கிடந்து எழுந்தவள் மாதிரி வந்து நாற்காலியில் விழுந்தாள்.

"ஜெயிச்சுட்டோம்கா."

"தெரியும்." கோச்சம்மா திரும்பாமல் எண்ணினாள். வீம்பு எவ்வளவு நேரம் தாங்கும்? பத்துத் துவாலைக்கு மேல் தாங்கவில்லை. துணியைப் போட்டுவிட்டு வந்து அவள் எதிரே உட்கார்ந்தாள். "யாரு அடிச்சா? ஏழாம் நம்பரா?"

"தெரியலக்கா."

"நெட்டையா இருப்பானே, அவனா? சரி, அதை விடு. எந்தப் பக்கம் அடிச்சான்? கீப்பர் எந்தப் பக்கம் விழுந்தான்?" அவளுக்கே வெட்கமாக இருந்தது. கேட்காமல் இருக்க முடியவில்லை. ராசியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டிருந்தாள். "வலது பக்கமா? மேலயா, தரையோடயா? சொல்லுடி!"

ராசி தலையைக் குனிந்துகொண்டாள்.

"நான் பாக்கலக்கா. கண்ணை மூடிக்கிட்டேன்."

"என்னது?"

"எப்பவுமே மூடிக்குவேன்கா. பந்து கோல் கிட்டப் போனாலே தானா மூடிக்கும். தோத்துட்டா எல்லாரும் என்னைத்தான் பிடிச்சுக்குவாங்க, ராசி போயிடுச்சுன்னு சொல்லுவாங்க, உங்களை அனுப்பற மாதிரி என்னையும் மெஷின்கிட்ட அனுப்புவாங்கன்னு பயம். கொடிக்கு மட்டும்தான் இன்னைக்குக் கண்ணைத் திறந்தேன், நீங்க சொன்னீங்களேன்னு. ஆறு ஆட்டம் போயிருக்கேன், ஒரு கோல்கூடப் பாத்ததில்ல."

கோச்சம்மா வந்த கோபத்தில் அவள் கைகளை உதறிவிட்டாள். உலகத்திலேயே நல்ல இடம். புல்லிலிருந்து பத்தடி. நாட்டின் சரித்திரத்திலேயே பெரிய கோல். அதைப் பார்க்க அங்கே ஒரு ஜோடிக் கண் இருந்தது, அதுவும் மூடியிருந்தது.

"அங்க உக்காந்துக்கிட்டு கண்ணை மூடுவாங்களா? நானா இருந்தா இமைகூடக் கொட்டியிருக்க மாட்டேன், தெரியுமா? இமைகூடக் கொட்டியிருக்க மாட்டேன்!"

ராசி நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் குத்தல் இல்லை, கோபம் இல்லை. களைப்பு மட்டும் இருந்தது.

"அதுக்குத்தானேக்கா உங்களைப் போகச் சொன்னேன்" என்றாள்.